திரையும் திருமலையும்

நுழையும்முன்

விளையாட்டு இல்லாத குழந்தைப் பருவம் எந்த நாட்டிலும் இல்லை. மண்ணில் கோடு கிழித்து ஆடிய ஆட்டங்களோடு, கண்ணாடித் திரையில் விரல் வைத்து ஆடும் ஆட்டங்களும் இன்று சேர்ந்துவிட்டன. வீடியோ கேம் என்று எல்லாரும் வழங்கும் இத்திரை விளையாட்டுகள் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தருமா? தருமெனில் எந்த அளவில், எந்த நிலையில் தரும்? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்பொழியை நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சாரல் காலத்துத் திண்ணை

தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு அருகே, மலையடிவாரத்தில் அமைந்த ஊர் பண்பொழி. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அவ்வூரின் அடையாளம் திருமலை என்னும் குன்று. அதன் உச்சியில் குமாரசுவாமி கோவில் கொண்டிருக்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியே புகுந்து சாரலைத் தூவும். குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகும். அந்நாள்களில் ஊர்ப் பொட்டல் நனைந்து கிடக்க, பந்தும் மட்டையும் மூலையில் ஒதுங்கும். சிறுவர்கள் திண்ணைக்கு வந்துவிடுவர்.

ஒரு தலைமுறைக்கு முன்பு அத்தகைய திண்ணைகளில் தாயக்கட்டை உருண்டது. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகள் இடம் மாறின. தரையில் கரித்துண்டால் வரைந்த கட்டத்தில் ஆடுகள் கூடிப் புலியை மடக்கின. இன்று அதே திண்ணையில் நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியில் ஒரே ஆட்டத்தை ஆடுகின்றனர். “ஏலே, எந்நேரமும் போனுதானா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்னும் குரல் அடுக்களையிலிருந்து எழுகிறது. தென்காசி வட்டாரத்து வீடுகளில் மட்டுமன்றித் தமிழகம் எங்கும் கேட்கும் குரல் அது.

அக்குரலில் உள்ள அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அச்சம் மட்டுமே அறிவாகிவிடாது. கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலாளர்கள் திரை விளையாட்டுகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றை அறிந்துகொண்டால், அந்தத் தாயின் கவலைக்கும் அந்தச் சிறுவனின் ஆர்வத்துக்கும் ஒருசேர நீதி வழங்க இயலும்.

விளையாட்டைப் போற்றிய மரபு

விளையாட்டைத் தமிழர் வீண்பொழுது என்று ஒதுக்கியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை பிறப்பதற்குரிய நான்கு களங்களைச் சொல்லும்பொழுது செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்திலோ அம்மானை, நீராடல், ஊசல், சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுகளே பருவங்களின் பெயர்களாக அமைந்தன.

பண்பொழிக்கு அருகிலேயே இதற்கு அழகிய சான்று ஒன்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி, பந்தாடும் பெண்ணாகவே நூலில் அறிமுகமாகிறாள். உடலும் மனமும் ஒன்றி அசையும் அழகைக் காட்டக் கவிராயர் தேர்ந்தெடுத்தது விளையாட்டையே. மகிழ்ச்சிக்கும் உடல்நலத்துக்கும் விளையாட்டு வழி என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதியதன்று. விளையாடும் களம் மட்டுமே புதிது.

களம் மாறிய வரலாறு

அக்களத்தின் வரலாறு மிக நீண்டதன்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைக் காணவரும் பொதுமக்களை மகிழ்விக்க, இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம் அலைவுகாட்டியின் சிறு திரையில் இருவர் ஆடும் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1972இல் அட்டாரி நிறுவனத்தின் ‘பாங்’ வெளிவந்து, திரை விளையாட்டைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்னும் கணினிப் பொறியாளர் ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார். மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்கும் அவ்வெளிய ஆட்டம் பின்னாளில் மருத்துவ ஆய்வுகளிலும் இடம்பெற்றது.

தொடக்கத்தில் பெரிய கருவி தேவைப்பட்ட விளையாட்டு, பின்னர் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் வந்து, இறுதியில் சட்டைப்பையில் அடங்கியது. பழைய விளையாட்டுகள் சிலவும் இக்களத்துக்கு இடம்பெயர்ந்தன. கொரோனா பெருந்தொற்றால் அரங்குகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் ஒலிம்பியாடை இணையவழியில் நடத்தியது. விசுவநாதன் ஆனந்த் இடம்பெற்ற இந்திய அணி, இரசியாவோடு தங்கப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டது. நகர்ந்தவை திரையில் உள்ள காய்கள். உழைத்ததோ ஆடியவரின் மூளை.

கண்ணும் கையும் கருத்தும்

திரை விளையாட்டு மூளையை எவ்வாறு பயிற்றுகிறது? 2003ஆம் ஆண்டு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஷான் கிரீன், டாஃப்னி பவெலியர் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்குத் திருப்புமுனையாயிற்று. விரைவு மிகுந்த அதிரடி விளையாட்டுகளை ஆடிப் பழகியோர், ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கண்ணால் கண்டுணர்வதிலும், காட்சியின் ஓரங்களில் தோன்றுவதைக் கவனிப்பதிலும் பிறரை விஞ்சினர்.

இயல்பிலேயே கூர்மையான கண் உடையோர்தாம் இவ்விளையாட்டுகளை நாடுகின்றனரோ என்னும் ஐயம் எழுவது இயற்கை. அதைத் தீர்க்க, ஆடிப் பழகாத சிலரைத் தேர்ந்து ஒரு பிரிவினருக்கு அதிரடி விளையாட்டிலும், மற்றொரு பிரிவினருக்கு டெட்ரிசிலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் வீதம் 10 நாள்கள் பயிற்சி அளித்தனர். முதற்பிரிவினரின் கவனத்திறனே மிகுதியாக உயர்ந்தது. பயிற்சியால் விளைந்த பயன் அது என்பது இவ்வாறு புலனாயிற்று. எல்லா விளையாட்டும் ஒரே பயனைத் தருவதில்லை என்பதும் அதனோடு சேர்ந்து தெளிவாயிற்று.

2007ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராசர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 33 அறுவை மருத்துவர்களை ஆராய்ந்தனர். உடலில் சிறு துளையிட்டு, திரையைப் பார்த்தபடியே கருவிகளை இயக்கிச் செய்யும் நுண்துளை அறுவை மருத்துவத்துக்கான பயிற்சிகளை அவர்கள் செய்து காட்டினர். முன்பு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் திரை விளையாட்டு ஆடியிருந்தவர்கள், ஒருபோதும் ஆடாதவர்களைவிட 37 விழுக்காடு குறைவான பிழைகளையே செய்தனர். 27 விழுக்காடு விரைவாகவும் முடித்தனர். 33 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆகவே இம்முடிவை அளவோடு ஏற்பதே முறை. கண்ணும் கையும் ஒத்து இயங்கும் திறனுக்குத் திரை விளையாட்டு துணைநிற்கக்கூடும் என்னும் குறிப்பு இதிலிருந்து கிடைக்கிறது.

முதுமைக்கும் இப்பயன் உண்டு. கலிபோர்னியாவின் ஆடம் கசாலி என்னும் நரம்பியலாளரின் குழு, ‘நியூரோரேசர்’ என்னும் விளையாட்டை 60 முதல் 85 வயது வரையுள்ளோருக்கென வடிவமைத்தது. வளைந்த சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே, தோன்றும் குறியீடுகளுள் உரியதை மட்டும் கண்டு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் ஆடியவர்களுக்கு இரு செயல்களை ஒருங்கே செய்யும் திறன் உயர்ந்தது. அவ்வுயர்வு 6 மாதங்கள் கழித்தும் நிலைத்திருந்தது. 2013இல் வெளிவந்த இவ்வாய்வு, பேரன் கையில் உள்ள கருவி தாத்தாவுக்கும் உதவலாம் என்பதைக் காட்டிற்று.

தெரியுமா?

வாசிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ‘ஃபோல்டிட்’, புரதங்களை மடித்து வடிவமைக்கும் புதிர் விளையாட்டு. குரங்குகளுக்கு எய்ட்சு போன்ற நோயை உண்டாக்கும் வைரசின் நொதி ஒன்றன் வடிவம் பத்தாண்டுகளுக்கு மேலாக அறிவியலாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. இவ்விளையாட்டை ஆடியோர் மூன்றே வாரங்களில் அதற்கு வழி கண்டனர். 2011இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர்தம் பங்கும் குறிக்கப்பட்டது.

மனத்துக்கு மருந்து

கொடிய விபத்தைக் கண்டவர் மனத்தில் அக்காட்சி அழையாமலே மீண்டும் மீண்டும் தோன்றி வருத்தும். அதைத் தணிக்க வழியுண்டா என்று ஆராய்ந்த உளவியலாளர் எமிலி ஹோம்சும் அவர்தம் குழுவினரும் டெட்ரிசைக் கையில் எடுத்தனர். ஆக்சுபோர்டில் நடந்த ஓர் ஆய்வில், சாலை விபத்தில் சிக்கி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேர் பங்கேற்றனர். விபத்து நிகழ்ந்த 6 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்ந்தபின் டெட்ரிசு ஆடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்த வருத்தும் காட்சிகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தோன்றின. 2017இல் வெளிவந்த இம்முடிவுக்கு ஆய்வாளர் கூறும் விளக்கம் எளியது. நிறத்தையும் வடிவத்தையும் மனக்கண்ணில் சுழற்றி அடுக்கும்பொழுது, மூளையின் காட்சி நினைவுப் பகுதி அவ்வேலையில் மூழ்கிவிடுகிறது. துயரக் காட்சி ஆழப் பதிய இடம் குறைகிறது.

2020 சூன் மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ‘எண்டெவர்ஆர்எக்ஸ்’ என்னும் விளையாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு உடைய 8 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளின் கவனத்தை மேம்படுத்த, மருத்துவர் சீட்டு எழுதித் தரும் விளையாட்டாக அது அன்று அமைந்தது. மருந்துக்கும் பிற சிகிச்சைக்கும் மாற்றாகாமல், அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணைக்கருவியாகவே அது ஏற்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் நன்மைகள் உண்டு. தேர்வில் ஒருமுறை தோற்றால் ஊரே அறியும். விளையாட்டில் பத்துமுறை தோற்றாலும் பதினோராம் முறை தொடங்கத் தடையில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்து, வழியை மாற்றி, மீண்டும் முயலும் பழக்கத்தை அது வளர்க்கிறது. குழுவாக ஆடும்பொழுது ஒருவர் முன்செல்ல, ஒருவர் காவல் நிற்க, ஒருவர் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் சென்றுவிட்ட நண்பன், மாலையில் அரைமணி நேரம் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும்பொழுது நட்பு அறுபடாமல் தொடர்கிறது. தனிமையில் வாடும் மனத்துக்கு இதுவும் ஒரு மருந்தே.

உடலை அசைக்கும் ஆட்டம்

திரை விளையாட்டு என்றாலே உட்கார்ந்த இடத்தில் ஆடுவது என்பது முழு உண்மையன்று. 1998இல் சப்பானின் கோனாமி நிறுவனம், காலால் மிதித்து ஆடும் நடன விளையாட்டை வெளியிட்டது. 2006இல் வந்த நிண்டெண்டோவின் ‘வீ’ கருவி, கையை வீசினால் திரையில் மட்டை வீசும் வகையில் அமைந்தது. பக்கவாதத்தால் கை கால் தளர்ந்தோருக்கு வழக்கமான இயன்முறைப் பயிற்சியோடு இத்தகைய விளையாட்டுகளையும் சேர்த்து அளிக்கும் முறை பல நாடுகளில் உள்ளது. ஒரே அசைவை நூறுமுறை செய்யச் சொன்னால் சலிக்கும் நோயாளி, திரையில் பந்தைத் தட்டும் ஆர்வத்தில் சலிப்பின்றிச் செய்கிறார் என்பதே அதன் நுட்பம்.

2016இல் வெளிவந்த ‘போக்கிமான் கோ’ ஆடுவோரைத் தெருவுக்கே அழைத்து வந்தது. நடந்தால்தான் ஆட்டம் நகரும். ஆர்வார்டு ஆய்வாளர்கள் அமெரிக்க இளைஞர்களிடையே அளந்தபொழுது, ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். ஆனால் ஆறாம் வாரத்தில் அவர்தம் நடை பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

அவ்வாய்வு தரும் படிப்பினை பெரிது. விளையாட்டு ஒருவரை எழுப்பி வாசல்வரை கொண்டுவந்து விடும். அதன்பின் நடப்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது. திருமலையின் நூற்றுக்கணக்கான படிகளை எந்தச் செயலியும் எவருக்காகவும் ஏறித் தராது. 5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்கும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் திரை விழுங்கிவிடாமல் காப்பதே முதல் நலவிதி.

ஆடுவதும் ஆட்டப்படுவதும்

நன்மைகளை அறிந்தபின் அவற்றின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஏறத்தாழ 39,000 பேரின் ஆட்ட நேரத்தை, விளையாட்டு நிறுவனங்களின் பதிவுகளிலிருந்தே பெற்று ஆராய்ந்தனர். எத்தனை மணி நேரம் ஆடினர் என்பதற்கும் அவர்தம் மனநலத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க காரணத் தொடர்பு தென்படவில்லை. ஏன் ஆடினர் என்பதே வேறுபாட்டைக் காட்டியது. மகிழ்ச்சிக்காக விரும்பி ஆடியோர் நலமாக இருந்தனர்; ஆடாமல் இருக்க முடியவில்லை என்னும் உந்துதலால் ஆடியோர் நலம் குன்றியிருந்தனர். ஒருவர் விளையாட்டை ஆடுகிறாரா, விளையாட்டு அவரை ஆட்டுகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாம் நிலை முற்றினால் அது நோயாகும். 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் உலகச் சுகாதார நிறுவனம் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதைச் சேர்த்துள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளையும் விருப்பங்களையும் பின்தள்ளி ஆட்டத்தையே முதன்மையாக்குதல், தீமை விளைந்தபின்னும் தொடர்தல் ஆகியவை அதன் குறிகள். இவை பெரும்பாலும் ஓராண்டு நீடித்தாலே நோய் எனக் கருதப்படும். விடுமுறையில் இரண்டு நாள் மிகுதியாக ஆடியவனை நோயாளி என்று சொல்வது தவறு. பள்ளி, உணவு, உறக்கம், நட்பு ஆகிய அனைத்தையும் மாதக்கணக்கில் இழந்துவரும் ஒருவனைச் சோம்பேறி என்று திட்டுவதும் தவறு. அவனுக்குத் தேவை உதவி. ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

விளையாட்டின் போர்வையில் வரும் சூதாட்டம் இவையனைத்திலும் கொடியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் பொருளிழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டோரின் துயரம் தமிழகத்தை உலுக்கியது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின், இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்து இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2023இல் இயற்றியது. நாடாளுமன்றமும் 2025 ஆகத்தில் சட்டம் இயற்றி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை முறையான விளையாட்டாக ஏற்றது. 2023இல் ஆங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு பதக்கத்துக்குரிய போட்டியாகச் சேர்ந்ததும் நினைக்கத்தக்கது. திறனால் வெல்லும் ஆட்டத்தையும் ஆசையால் இழுக்கும் சூதையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கிறது. ஆடுவோரும் அவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் கடமை.

அளவறிந்து ஆடுதல்

நன்மையைப் பெற்றுத் தீமையைத் தவிர்க்க அரிய வழிகள் தேவையில்லை. எந்த ஆட்டம் என்பதை முதலில் தேர்தல் வேண்டும். வயதுக்கு ஏற்றதும், சிந்திக்க வைப்பதும், பணம் கேட்காததுமான ஆட்டமே நல்லாட்டம். நேரத்தை ஆடத் தொடங்குமுன் வரையறுத்தல் வேண்டும். தொடங்கியபின் வரையறுப்பது கடினம். உறக்கத்துக்கு முந்திய ஒரு மணி நேரம் திரையை ஒதுக்கி வைத்தல் நலம்.

கண்ணுக்கு ஓய்வு தர, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை, 20 நொடி நோக்கும் பழக்கத்தைக் கண் மருத்துவர் கூறுவர். பண்பொழிச் சிறுவனுக்கு அதற்கென்று பொருள் தேட வேண்டியதில்லை. திண்ணையில் நிமிர்ந்தாலே மலை தெரியும். வெளியொளியில் மிகுதியாகப் பொழுது கழிக்கும் சிறுவர்க்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறைகிறது என்பதும் ஆய்வு கண்ட உண்மை. மழை விட்டதும் பொட்டலுக்கு ஓடும் கால்கள் கண்ணையும் காக்கின்றன.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. கைப்பேசியைப் பறிப்பதைவிட, ஒருநாள் அருகில் அமர்ந்து அந்த ஆட்டம் என்ன என்று கேட்பது பயன்தரும். மகன் கற்றுத்தரத் தாய் ஒருமுறை ஆடித் தோற்றால், அவ்வீட்டில் கண்டிப்புக்குப் பதில் உரையாடல் பிறக்கும். அவ்வுரையாடலில் முடிவாகும் நேரக்கட்டுப்பாட்டை மகனும் தன் சொல்லாகவே மதிப்பான். தாயக்கட்டையும் ஆடுபுலியும் அவ்வீட்டில் மீண்டும் இடம்பெற்றால், திரை வேண்டாத மகிழ்ச்சியும் அவனுக்குப் பழகும்.

கவனம், கைத்திறன், விடாமுயற்சி, நட்பு ஆகியவற்றை வளர்க்கும் ஆற்றல் திரை விளையாட்டுக்கு உண்டு. உறக்கத்தையும் உடலியக்கத்தையும் பொருளையும் கவரும் ஆற்றலும் அதற்கே உண்டு. இவற்றுள் எது விளையும் என்பதை முடிவு செய்யும் பொத்தான் கருவியில் இல்லை. ஆடுபவரின் உறுதியில் இருக்கிறது. உரிய நேரத்தில் தானாகவே ஆட்டத்தை நிறுத்தி எழும் மாணவர், அன்றைய ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் வென்றவரே ஆவார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வழங்கும் மரபு விளையாட்டு ஒன்றையும், நீங்கள் அறிந்த திரை விளையாட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவை வளர்க்கும் திறன்களை ஒப்பிட்டு அட்டவணை அமைக்க.

2. ஒரு வாரக் காலம் உங்கள் திரை நேரத்தையும் உடல் இயங்கிய நேரத்தையும் குறித்துவைத்து, நீங்கள் கண்டறிந்ததை வகுப்பறையில் பேசுக.

3. ‘ஆடுவதும் ஆட்டப்படுவதும்’ என்னும் தலைப்பில் தாயும் மகனும் உரையாடுவதாகக் கற்பனை செய்து எழுதுக.